நசுங்காத நான்கு எலுமிச்சம்பழங்கள்

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. குலதெய்வத்தின் மீது சத்தியம். எங்கள் ஏரி மீதும் சத்தியம். அதில் தண்ணீர் பாதிக்கு மேல் வற்றிப்போயிருக்கிறது என்றாலும் ஒரு சத்தியத்தைத் தாங்குகிற ஆழம் இன்னும் உண்டு. என் மனைவி முனியம்மாவின் தலையில் அடித்தும் சத்தியம் செய்யத் தயாராகத்தான் இருக்கிறேன். அவள்தான் தலையைக் காட்ட மறுக்கிறாள்.

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகிற சாலையில், ஏரிக்கரையை ஒட்டி எனக்கு ஒரு தகர ஷெட் இருக்கிறது. பந்தல்காரர் ஒருவர் அதில் நாற்காலி அடுக்கி வைத்திருந்தார். அவர் காலி செய்ததும், குரோம்பேட்டைப் பக்கம் என்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள் வந்து வாடகைக்குக் கேட்டார்கள். கார் கட்டப்போகிறோம் என்றார்கள். கார் என்றால் நாம் நினைக்கிற கார் இல்லை. கதவு கிடையாது, கூரை கிடையாது, ஒரே ஒரு சீட்டு. அதைச் சுற்றி இரும்புக் குழாயில் ஒரு கூண்டு. நான்கு பெரிய சக்கரங்கள். ரோட்டில் ஓடாது, சேறு, பள்ளம், பாறை என்று நல்லவர்கள் போகாத இடமாகப் பார்த்துத்தான் ஓடும். நாடெங்கும் இருந்து கல்லூரிப் பிள்ளைகள் இப்படி ஒன்றைத் தாங்களே கட்டிக்கொண்டு போய் ஒரு மைதானத்தில் முட்டி மோதிப் போட்டி போடுவார்களாம்.

அந்தக் குழுவில் நிறையப் பேர் வந்துபோவார்கள். நமக்கு மூன்று பேர் போதும். முகிலன், கேப்டன், வண்டியை ஓட்டுகிறவனும் அவனே. ஹரிபிரசாத், கூண்டுக்கு வெல்டிங் வைக்கிறவன். ஃபரா, என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற சமாசாரம் முழுவதையும் வடிவமைக்கிறவள். அவர்கள் என்னை “ஓனர் சார்” என்று கூப்பிடுவார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அது.

அந்த நடுச் சமாசாரம் என்ன என்று ஃபராவிடம் ஒருநாள் கேட்டேன்.

“போட்டியில எல்லா டீமுக்கும் ஒரே அளவு என்ஜின்தான் ஓனர் சார். சின்னது. வேகமா சுத்தும், ஆனா பலம் கிடையாது. சக்கரத்துக்கு வேகம் வேணாம், பலம்தான் வேணும். நடுவுல கியர்பாக்ஸ் அந்த வேகத்த வாங்கிக்கிட்டு பலமா மாத்திக் குடுக்கும்.”

“நம்ம ஊர்ல நிலம் வாங்குறவனுக்கும் விக்கிறவனுக்கும் நடுவுல நிக்கிறவன் மாதிரி.”

“கரெக்ட். என்ன, என் ஆளு கமிஷன் கம்மியா எடுத்துக்குவான்.”

கியர்பாக்ஸை அவள் ஆள் என்றுதான் சொல்லுவாள். அதன் மேல் அவளுக்கு அவ்வளவு அக்கறை வரக் காரணம் இருந்தது. முந்தைய வருடப் போட்டியில் அவள் வடிவமைத்த கியர்பாக்ஸ் முதல் மேட்டில் ஏறும்போதே பல் உடைந்து நின்றுவிட்டது. வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அன்றிலிருந்து வகுப்பில் அவளுக்குப் பெயர் ‘பல் டாக்டர்’. குழுவுக்குப் பொறுப்பான பேராசிரியர் சத்யநாராயணன் நல்ல மனிதர்தான், திட்டவில்லை. “இன்னும் ஒரு சான்ஸ் தரேன்மா. இந்தத் தடவையும் போச்சுன்னா வெளியில ரெடிமேடா ஒரு கியர்பாக்ஸ் வாங்கிடலாம். நீ ஸ்டிக்கர் டிசைன் பாத்துக்கோ” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றாள் ஃபரா.

இந்தத் தடவை அவள் கியர்பாக்ஸ் பார்க்கவே அழகாக இருந்தது. ஒரு சாப்பாட்டு டப்பா அளவு அலுமினியப் பெட்டி. உள்ளே பெரிதும் சிறிதுமாகப் பல்சக்கரங்கள். அதை வண்டியில் மாட்டுகிற அன்று ஒரு சிக்கல் வந்தது. என்ஜினின் சைலன்சர் போய்க் கூண்டின் ஒரு பைப்பில் முட்டியது. அது ஹரிபிரசாத் ஆசை ஆசையாக வெல்டிங் வைத்த பைப். வெட்ட அவனுக்கு மனம் வரவில்லை.

“எதுக்கு வெட்டணும்? என்ஜினை அப்படியே திருப்பி வெச்சிட்டா மேட்டர் ஓவர்” என்றான்.

திருப்பி வைத்தார்கள். இடப்பக்கம் இருந்தது வலப்பக்கம் வந்தது. அதற்குத் தோதாகக் கியர்பாக்ஸையும் புரட்டி மாட்டினார்கள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு போல்ட்டுகூட முரண்டு பிடிக்கவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஆயுத பூஜை வந்தது. வண்டியைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைத்து, கூண்டுக்கு மாலை போட்டார்கள். முனியம்மா எங்கள் வீட்டு மரத்திலிருந்து நான்கு எலுமிச்சம்பழங்கள் பறித்து வந்தாள். சக்கரங்களுக்கு முன்னால் வைத்து, முதன்முதலாக வண்டியை அவற்றின் மேல் ஏற்றி நசுக்கினால் கண்ணேறு எல்லாம் கழிந்துவிடும், எல்லோரும் செய்கிறதுதான். ஆனால் படித்த பிள்ளைகள் அல்லவா, அங்கேயே ஒரு விவாதம் வந்துவிட்டது.

“டிரைவ் ஆகுறது பின் சக்கரம் மட்டும்தான். அப்போ ரெண்டு பழம் போதுமே?” என்றான் முகிலன்.

“நாலு சக்கரம் கீது இல்ல? அப்போ நாலு பயம் வை. சக்கரத்துக்குள்ள இன்னாடா ஓரவஞ்சன?” என்றாள் முனியம்மா. பழம் அவள் வாயில் பயம்தான்.

ஃபரா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆன்ட்டி, போன வருஷம் போன போக்குக்குப் பழம் பத்தாது. ஒரு ஜாடி ஊறுகாயாவே வெச்சிடுங்க” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

கற்பூரம் காட்டியாயிற்று. பூசணிக்காய் உடைத்தாயிற்று. முகிலன் ஹெல்மெட் போட்டு உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தான். வண்டி ஒரு துள்ளு துள்ளியது. பின்பக்கமாக. ஷெட்டுக்குள் போய்ச் செங்கல் அடுக்கில் முட்டி நின்றது.

முதலில் சிரிப்புத்தான். முகிலனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. உலகத்திலேயே பின்னால் மட்டும் போகிற ஒரே வண்டி என்று யாரோ கத்தினார்கள். ஃபரா மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஆள்காட்டி விரலைக் காற்றில் சுற்றினாள். இப்படிச் சுற்றினாள், அப்படிச் சுற்றினாள், பிறகு கையால் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“மூணாவது டெசிமல் வரைக்கும் கணக்கு போட்டேன். என்ஜினைத் திருப்பி வெச்சா சக்கரம் எந்தப் பக்கம் சுத்தும்னு ஒருத்தரும் பாக்கலடா. நானும் பாக்கல.”

நான் முனியம்மாவைப் பார்த்தேன். அவள் வண்டியைப் பார்க்கவில்லை. வாசலில், சக்கரங்கள் நின்றிருந்த இடத்தில், நான்கு எலுமிச்சம்பழங்களும் வைத்தபடி இருந்தன. அவற்றுக்கும் வண்டிக்கும் நடுவில் வெறும் தரை.

“குடுக்கிறேன்னு வெச்சிட்டு, பின்னால வாங்கிக்கினீங்க. அது இப்போ காத்துக்கினு கீது” என்றாள்.

கண்ணேறு கழிக்க வைத்த பழத்தை யாரும் கையால் தொடமாட்டார்கள். ஹரிபிரசாத் துடைப்பத்தால் முறத்தில் தள்ளி, தெருமுனைக்குக் கொண்டுபோய் மெயின் ரோட்டில் கொட்டிவிட்டு வந்தான். ஒரு தண்ணீர் லாரி மேடவாக்கம் நோக்கிப் போகிற வேகத்தில் அவற்றின் மேல் ஏறியதைக் கண்ணால் பார்த்தேன் என்றான்.

“நசுங்குச்சா?” என்று கேட்டேன்.

“லாரிதான் ஓனர் சார் கொஞ்சம் தூக்கிப் போட்டுது” என்றான்.

மறுநாளே பிள்ளைகள் அந்த ஆசைப் பைப்பை வெட்டி எறிந்து, என்ஜினைப் பழையபடி திருப்பி, கியர்பாக்ஸையும் நேராக மாட்டினார்கள். வேலை முடிந்து ஷெட்டைப் பூட்டிப் போனார்கள். காலையில் திறந்தபோது நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழங்கள் இருந்தன. அதே பழங்கள். ஒன்றின் காம்போரத்தில் அணில் கடித்த தழும்பு இருந்தது, அதுவும் அப்படியே.

என்னைத்தான் சந்தேகப்பட்டார்கள். நியாயமான சந்தேகம். நானாக இருந்தாலும் என்னைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். அவர்கள் வேறு பூட்டு வாங்கி வந்து பூட்டினார்கள். வண்டியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினார்கள். காலையில் பார்த்தால் சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவில், கை நுழையாத சந்தில், பழங்கள். நாள் ஆக ஆக வாடவும் இல்லை. மேலே வைத்த குங்குமம் இன்னும் ஈரமாகவே இருந்தது. தரையில் எறும்புச் சாரை ஒன்று போய்க்கொண்டிருக்கும். பழத்துக்குப் பக்கத்தில் வந்ததும் வளைந்து, பெரிய வட்டம் போட்டுச் சுற்றிக்கொண்டு போகும். எறும்புக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

“சரி, இருக்கட்டும். வண்டிய ஸ்டார்ட் பண்ணு, ஏத்து, முடிஞ்சுது” என்றான் ஹரிபிரசாத்.

அதுவும் சரிதான் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் வண்டியை ஏரிக்குள் இறக்கினார்கள். மழை இன்னும் பிடிக்கவில்லை. தண்ணீர் நடுவில் ஒதுங்கி, ஓரமெல்லாம் வெடித்த மண்ணாகக் கிடந்தது. பழங்கள் வழக்கம்போல் சக்கரங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தன. முகிலன் ஆக்சிலேட்டரை மிதித்தான். வண்டி முன்னால் போயிற்று.

பழங்களும் போயின.

சக்கரத்துக்கும் பழத்துக்கும் ஒரு சாண் இடைவெளி. வண்டி மெதுவாகப் போனால் பழமும் மெதுவாக உருண்டது. வேகமாகப் போனால் வேகமாக. வண்டி திரும்பினால் நான்கும் வரிசை கலையாமல் திரும்பின. முன் சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு. பின் சக்கரங்களுக்கு முன்னால், வண்டியின் வயிற்றுக்கடியில் இரண்டு. வெடிப்பு வந்தால் தாண்டின. காற்று அசையவில்லை. கரையில் எப்போதும் கத்திக்கொண்டிருக்கிற காக்கைகள் வாயை மூடிக்கொண்டிருந்தன. கரை ரோட்டில் வந்த தண்ணீர் லாரிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார். பிறகு ஹாரன்கூட அடிக்காமல் லாரியைப் பின்னுக்கு எடுத்து, வந்த வழியே போய்விட்டார். ஹரிபிரசாத் எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்தான். வீடியோவில் அவன் கட்டைவிரல் மட்டும் மிகத் தெளிவாக விழுந்திருந்தது.

முகிலன் இறங்கியபோது அவன் முகம் மலர்ந்திருந்தது. “மச்சான், என்ன பிக்கப்! அந்த மேட்டுல ஏறுது பாரு, பூ மாதிரி ஏறுது. பல் டாக்டர், கலக்கிட்ட!”

ஃபரா குனிந்து கியர்பாக்ஸ் மேல் கையை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

“சில்லுனு இருக்கு.”

“இருந்தா?”

“இவ்ளோ நேரம் ஓடியிருக்கு. உள்ள பல்லு பல்லோட உரசி வேலை செஞ்சிருந்தா எண்ணெய் சூடாகி, டப்பாவத் தொட முடியாத அளவுக்குச் சுடணும். இது ஐஸ் மாதிரி இருக்கு. என் ஆளு வேலையே செய்யல முகிலா. சும்மா கூட சுத்திட்டு இருந்திருக்கான். வண்டிய வேற ஏதோ இழுத்துட்டுப் போகுது.”

எல்லோரும் பழங்களைப் பார்த்தார்கள். பழங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தன.

“ஓடுதுல்ல? விடு” என்றான் ஹரிபிரசாத்.

“எப்படி விடுறது? இதோட பல்லு தாங்குமா தாங்காதான்னு எனக்கு இன்னும் தெரியாது. போன வருஷமும் தெரியாமத்தான் போனேன்.”

அந்த வாரம் முழுக்க வண்டி நன்றாகவே ஓடியது. ஒவ்வொரு நாளும் முன்னைவிட வேகம். முகிலன் மட்டும் வரவர மெலிந்தான். ஏனென்று கேட்டபோது, முதலில் ஒன்றுமில்லை என்றான். பிறகு மெல்லச் சொன்னான்.

“ஓனர் சார், நான் ஆக்சிலேட்டர்ல காலே வெக்கல. ஸ்டியரிங்கும் நான் திருப்பல. அதுங்க எந்தப் பக்கம் போகுதோ வண்டி அந்தப் பக்கம் போகுது. தினமும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போகுது.”

உள்ளே என்றால் ஏரியின் நடுவுக்கு. வெள்ளிக்கிழமை மாலை நானே பார்த்தேன். வண்டி நேராகத் தண்ணீர் ஓரத்துக்குப் போயிற்று. முகிலன் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சக்கரங்கள் சுற்றவே இல்லை. சுற்றாமலே வண்டி நகர்ந்தது. முன்னால் போன இரண்டு பழங்கள் தண்ணீரில் இறங்கி, முழுகாமல், அலையில் ஆடாமல், சக்கரங்களுக்கு நேராக ஒரு சாண் தள்ளி மிதந்துகொண்டு நின்றன. பொறுமையாக நின்றன. முன் சக்கரங்கள் நனைந்த பிறகு ஹரிபிரசாத்தும் மற்றவர்களும் ஓடிப்போய்க் கயிறு கட்டிப் பின்னால் இழுத்தார்கள். இழுத்தபோது அது எதிர்க்கவில்லை. பழங்கள் தண்ணீரிலிருந்து ஏறி, சொட்டச் சொட்ட, வண்டியோடு திரும்பி வந்தன.

முனியம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

“பயம் நசுங்கலன்னா வேற ஏதாவது நசுங்கும். அதுக்கு இன்னாத்துக்கு நீ வாயப் பொளந்துகினு நிக்கிற? அந்தப் புள்ளைங்கள முன்னால நிக்காதீங்கன்னு சொல்லு” என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை. தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. சத்யநாராயணன் சார் வண்டியைப் பார்க்க வருகிற நாள். அன்று அவர் சரி என்றால் ஃபராவின் கியர்பாக்ஸ் போட்டிக்குப் போகும். இல்லை என்றால் ரெடிமேட் பெட்டி. காலையிலேயே முகிலன் எல்லோரையும் கூட்டிக் கெஞ்சினான்.

“இன்னிக்கு ஒரு நாள். சார் முன்னாடி ஒரு ரவுண்டு. கரை ஓரமாவே ஓட்டிக் காமிச்சிட்டு இறங்கிடறேன். ஃபரா, நீ வாயத் திறக்காத. உனக்காகத்தான் சொல்றேன்.”

சார் வந்தார். வெயிலுக்குக் கர்ச்சீப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஏரிக்கரை மேல் நின்றார். வண்டி பறந்தது. சாருக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“அதென்னப்பா, சக்கரத்துக்கு முன்னாடி மஞ்சளா உருளுது?”

“மேடு பள்ளம் பாக்குற டெரெய்ன் சென்சார் சார்” என்றான் ஹரிபிரசாத், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

“அடடே! வயர் ஒண்ணும் தெரியலையே.”

“வயர்லெஸ் சார்.”

“பிரமாதம்! இதுக்குத் தனியா மார்க்கே குடுப்பாங்க.”

வண்டி வந்து நின்றது. சார் ஃபராவின் பக்கம் திரும்பி, “மேட்டுல என்னமா ஏறுது! கியர்பாக்ஸ் இந்தத் தடவை கெட்டி. ரெடிமேட் எல்லாம் வேண்டாம். உன்னுதே போகட்டும்” என்றார்.

முகிலன் கண்ணால் கெஞ்சினான். ஃபரா தரையைப் பார்த்தாள். அப்படியே விட்டிருந்தால் கதை அங்கேயே சுபமாக முடிந்திருக்கும், நானும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பேன்.

“சார், கியர்பாக்ஸ் வேலை செய்யல.”

“ஓடுற வண்டிய ஓடலன்னு சொல்ற முதல் ஸ்டூடன்ட் நீதான்மா.”

“வண்டி ஓடுது சார். என் கியர்பாக்ஸ் ஓட்டல. தொட்டுப் பாருங்க.”

சார் தொட்டுப் பார்த்தார். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். சூட்டில் இழுக்கிற மாதிரிதான் இழுத்தார். ஆனால் விரல்நுனி வெளுத்திருந்தது. அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் அப்படியே நின்றுபோயிற்று. குனிந்து சென்சாரைப் பார்த்தார். அதன் மேல் குங்குமம் இருந்தது.

“இது சென்சார் இல்ல” என்றார் மெல்ல.

“எலுமிச்சம்பழம் சார்” என்றான் ஹரிபிரசாத்.

ஃபரா எல்லாவற்றையும் சொன்னாள். சார் அப்படியே நம்பினார். அவருக்கும் ஊர் பக்கத்தில்தான், செங்கல்பட்டு.

“இதுங்க இருக்கிற வரைக்கும் என் பல்லுக்கு வேலை இல்ல சார். வேலை இல்லன்னா தாங்குமான்னு தெரியாது. நசுக்கணும். முன்னால போனா முன்னாலயே ஓடுது. ஆனா நேத்து கயிறு கட்டிப் பின்னாடி இழுத்தப்போ, பின்னாடியே வந்துச்சு.” அவள் ஏரிக்கரைச் சரிவைக் காட்டினாள். “கரை மேல ஏத்திட்டு, பின்பக்கமா உருள விடறேன். அதுங்களும் சரிவுல உருண்டு துரத்திட்டு வரும். பாதியில ஃபுல்லா ஆக்சிலேட்டர். சக்கரம் சட்டுனு முன்பக்கமா திரும்பும். அதுங்களால நிக்க முடியாது.”

“பின்னால போய்க்கிட்டிருக்கிற சக்கரத்த ஒரே அடியில முன்னால திருப்பினா, மொத்த அடியும் கியர் பல்லு மேலதான் விழும்” என்றார் சார்.

“ஆமா சார். போன வருஷம் உடைஞ்சது இந்த மாதிரி அடியிலதான்.”

“உடைஞ்சா?”

“உடைஞ்சா நீங்க வாங்குற பெட்டிய நானே மாட்டித் தரேன். ஸ்டிக்கரும் நானே ஒட்டறேன்.”

முகிலன் ஹெல்மெட்டைக் கழற்றினான். “என்னால முடியாதுடா. சாரி” என்றான். அவன் குரலில் வெட்கம் இல்லை. நேற்று அந்தத் தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவன் அவன். ஃபரா ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டாள். துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு, பெல்ட்டைப் பூட்டினாள்.

கரை மேல் ஏற்றினார்கள். பழங்கள் முன்னால் ஏறின. பகல் வெளிச்சம்தான், சூரியன் தலைக்கு மேல்தான். ஆனாலும் கரையில் நின்ற எங்கள் யாருக்கும் நிழல் விழவில்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். உச்சி வெயிலில் நிழல் காலடியில் ஒடுங்கும் என்பீர்கள். ஏரியில் நின்ற ஒரு கொக்குக்கு நிழல் இருந்தது.

ஃபரா பிரேக்கை விட்டாள். வண்டி பின்பக்கமாகச் சரிவில் இறங்கத் தொடங்கியது. பழங்கள் தயங்கின. சத்தியமாகத் தயங்கின. பிறகு நான்கும் ஒரே நேரத்தில் உருள ஆரம்பித்தன. வண்டி வேகம் பிடித்தது, அவையும் பிடித்தன. ஒரு சாண் இடைவெளி அரைச் சாண் ஆயிற்று. அந்தச் சரிவின் அடியில், எங்களுக்குத் தெரிந்தவரை வெறும் தரையாக இருந்த இடத்தில், தண்ணீர் மினுங்குவதைப் பார்த்தேன். ஏரி தன் நடுவிலிருந்து சத்தமில்லாமல் சரிவின் அடிவரை வந்து நின்றிருந்தது.

“ஃபரா!” என்று சார் கத்தினார்.

அவள் மிதித்தாள்.

வண்டி அப்படியே நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. பின் சக்கரங்கள் முன்பக்கமாகத் திரும்பின. அந்த அலுமினியப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய மனிதர் ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டால் வருகிற சத்தம். அது நீண்டது. உடையப்போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். முகிலன் கண்ணை மூடிக்கொண்டான்.

உடையவில்லை. பழங்களால் நிற்க முடியவில்லை. ஒன்று, பிறகு ஒன்று, பிறகு இரண்டும் சேர்ந்து, சக்கரங்களின் அடியில் போயின. நசுங்கிய சத்தம் சின்னதாகத்தான் இருந்தது. ஆனால் அதைத் தொடர்ந்து ஏரி முழுவதிலும் யாரோ பெருமூச்சு விட்டதுபோல் ஒரு காற்று அடித்தது, அதில் எலுமிச்சை வாசனை இல்லை, சேற்று வாசனை இருந்தது. காக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின. சரிவின் அடியில் தண்ணீரைக் காணோம்.

அதன் பிறகு வண்டி கனத்தது. கண்ணுக்கே தெரிந்தது. ஸ்பிரிங்குகள் அமுங்கின, சக்கரங்கள் மண்ணில் பதிந்தன, அதுவரை பூவாகப் பறந்த வண்டி முதன்முதலாக முனகியது. முனகிக்கொண்டே, ஒவ்வொரு அடியாக, புகைந்துகொண்டு, எருமை மாதிரி கரை ஏறியது. உச்சிக்கு வந்து நின்றதும் ஃபரா பெல்ட்டைக் கழற்றிக் குதித்து, பின்பக்கம் ஓடி, கியர்பாக்ஸ் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“ஸ்ஸ்… அம்மா! சுடுது!” விரலை உதறினாள். மறுபடி வைத்தாள். “சுடுது சார்! டேய், சுடுதுடா!” அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. விரல் கொப்பளித்துவிட்டது, அதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

“முன்னாடி இதைவிட வேகமா போச்சே” என்றார் சார், ஒரு பேராசிரியர் கேட்க வேண்டிய கேள்வி என்பதால்.

“அது என் வேகம் இல்ல சார். இதுதான் என்னுது.”

அங்கேயே, கரை மேலேயே பெட்டியைத் திறக்கச் சொன்னார். கொதிக்கிற எண்ணெயை வடித்துவிட்டு, டார்ச் அடித்து, ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். எல்லாப் பல்லும் இருந்தது. ஒன்றில்கூடச் சில்லு பெயரவில்லை. “மூடும்மா. இதுதான் போட்டிக்குப் போகுது” என்றார்.

“டாக்டரம்மா, பல்லு கெட்டி” என்றான் முகிலன்.

நான் சரிவில் இறங்கிப்போய் நசுங்கிய பழங்களைப் பார்த்தேன். உள்ளே சாறு இல்லை, விதை இல்லை. நான்கு தோலுக்குள்ளும் ஈரமான ஏரி மண் இருந்தது. முனியம்மாவிடம் சொன்னேன். “வாங்கிக்கிச்சு இல்ல? அப்போ வுடு” என்றாள்.

இன்னும் ஒரு சத்தியம் பாக்கி இருக்கிறது: அந்த வண்டிக்கான என்ஜின் லாரியில் வந்து என் ஷெட் வாசலில் முதன்முதலாக இறங்கியதே தீபாவளி முடிந்த மறுவாரம்தான்.